ஐந்நூறாவது ஆட்டம்

லேக்போர்ட்,
22 நவம்பர் 1959

அன்புள்ள அக்கா பவுலினாவுக்கு,

எமில் எழுதுவது. நான் கல் மாதிரி இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? குளிர் வந்ததும் அத்தானுக்கு அந்தச் சுரங்க இருமல் திரும்பிவிட்டதா? மறைக்காமல் எழுது.

ஒரு செய்தி. நேற்று எங்கள் கூடைப்பந்துக் கிளப்பின் முதலாளி என்னை அழைத்துச் சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டினார். மார்ச் முதல் தேதியில் சிவப்பு மையால் ஒரு வட்டம். நடுவில் ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் ஆடிக்கொண்டே போனால் அன்று எனக்கு ஐந்நூறாவது ஆட்டம். இந்தக் கிளப்பில் யாரும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. பேண்டு வாத்தியம், மேயர், ஆடுகளத்தின் நடுவே ஒரு புதுக் கார். "அதுவரைக்கும் படியில இறங்கும்போதுகூட கைப்பிடிய புடிச்சு இறங்குப்பா" என்றார்.

முதல் ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். ஆறு வருஷம் ஆகிறது. கஸ் லிண்ட்கிரெனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது என்று, பெஞ்சின் கோடியில் கிடந்த என்னைக் கோச் பார்த்தார். "ஏய் சுரங்கத்துக்காரா, எழுந்திரு!" பதினேழு புள்ளி, பதினான்கு ரீபவுண்டு. கஸ் உட்கார்ந்தது அந்த ஒரே ஆட்டம்தான். பிறகு அவருக்கு இடம் கிடைக்கவே இல்லை. இப்போது எங்கள் அரங்கத்து வாசலிலேயே டிக்கெட் கிழிக்கிறார். "கால் எப்படி இருக்கு தம்பி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "இருக்குண்ணே" என்று நிற்காமல் உள்ளே போய்விடுவேன்.

புதன்கிழமை எதிரணிக்காரன் முழங்கை இடது கண்ணோரம் பட்டது. வெறும் வீக்கம். அது வடிய, கண்மேல் பச்சை மாட்டிறைச்சித் துண்டை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் அறைத்தோழன் வெஸ் ஆக்டன் (இண்டியானாவில் சோளம் போடும் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள்) சும்மா இருப்பானா? "உப்பும் மொளகும் தடவிக்கடா, ராத்திரிக்கு வறுத்துக்கலாம்" என்றான்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
எமில்

*

பிரென்டன்,
6 டிசம்பர் 1959

அன்புத் தம்பி எமிலுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தான் இருமுகிறார், இருமல் இல்லை என்று சாதிக்கிறார். நீ சௌக்கியம் என்பதைப் படித்து நிம்மதி.

சட்டை ஆலையில் உன் செய்தியைச் சொன்னதும் காலர் தைக்கும் வரிசை முழுக்க மிஷினை நிறுத்திவிட்டது. மேஸ்திரி ஓடி வந்து, "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்றார். "எங்க எமிலுக்குக் கார் குடுக்கப் போறாங்க" என்று என் பக்கத்து மிஷின் ஸ்டெஃபி கத்தினாள். அவரும் கை தட்டினார். மார்ச் முதல் தேதி செவ்வாய்க்கிழமை என்று இப்போதே பார்த்து வைத்துவிட்டேன்.

கண் வீக்கம் வடிந்ததா? அதைப் பற்றி நீ எழுதியது மூன்று வரி, அதில் இரண்டு வரி வேடிக்கை.

எப்போதும் உன்,
அக்கா பவுலினா

*

செயின்ட் லூயிஸ், ஹோட்டலிலிருந்து,
27 டிசம்பர் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவருக்கும் பண்டிகை வாழ்த்து. நான் நலம். நம் வீட்டுத் தேன் தடவிய அப்பமும் காளான் சூப்பும் இல்லாத இன்னொரு கிறிஸ்துமஸ் போயிற்று. ரயிலில் இருந்தோம். வெஸ் தன் மனைவி கட்டிக்கொடுத்த கேக்கை ஒரு கால்சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தான். கேக்கில் சோப்பு வாசனை. முழுவதையும் தின்றோம்.

வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. நன்றாக ஆடுகிறேன். இந்த ஹோட்டல்தான் மோசம், அறை முழுக்க ஈ. சின்னச் சின்னதாகக் கண்ணெதிரே பறக்கிறது, அடிக்கப் போனால் நழுவிவிடுகிறது. துண்டை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன். "என்னடா பண்ற?" என்றான் வெஸ். "ஈ ஓட்டுறேன்." அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றான். அவனுக்கு வாசிக்கவே கண்ணாடி வேண்டும், ஈயா தெரியப்போகிறது.

நானூற்று அறுபத்திரண்டு ஆகிவிட்டது.

உன்,
எமில்

*

பிரென்டன்,
4 ஜனவரி 1960

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். நாங்கள் சுகம்.

இங்கே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. செயின்ட் லூயிஸிலும் பனி என்று பேப்பரில் போட்டிருந்தான். டிசம்பர் மாதம் ஈ எங்கிருந்து வந்தது?

உன் கடிதத்தை ஆலையில் வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெஃபி சிரிக்கவில்லை. மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "எந்தக் கண்ணுல அடி பட்டுது?" என்று கேட்டாள். அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் தலையில் கல் விழுந்த கதை உனக்குத் தெரியும். எல்லாம் ஆறிப்போன பிறகு அவர் ஈ பறக்குது ஈ பறக்குது என்று கையை வீசினாராம். அப்புறம் ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம். அப்புறம் யாரோ திரையை இழுத்தாற்போல் ஓரத்திலிருந்து இருட்டு. மருத்துவமனையில், "ஈ வந்த அன்னிக்கே வந்திருக்கணும்மா" என்றார்களாம். இப்போது அவர் தேவாலயத்துக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

நாளைக்கே கண் டாக்டரிடம் போ. போய்விட்டு எனக்கு எழுது. கிளப் டாக்டரிடம் வேண்டாம். அவர் முதலாளியின் காலண்டரைத்தான் பார்ப்பார்.

உன்,
அக்கா

*

பிரென்டன்,
18 ஜனவரி 1960

எமில்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டு வாரமாயிற்று, பதில் இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை வானொலியில் கேட்டோம். வர்ணனையாளர் இரண்டு தடவை சொன்னார்: "பாஸ் சரியாத்தான் வந்துது, எமில் சிமாக் கவனிக்கலியே!" அத்தான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உன் பழைய கடிதத்தையும் டிசம்பர் கடிதத்தையும் மேஜையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். டிசம்பரில் நீ காகிதத்தின் இடது ஓரத்தையே விட்டுவிட்டாய். நாலு விரல் அகலம் வெறுமையாக இருக்கிறது.

எழுது.

பவுலினா

*

லேக்போர்ட்,
31 ஜனவரி 1960

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. அத்தானின் நெஞ்சு எப்படி இருக்கிறது?

உன்னிடம் பொய் சொல்லி ஜெயித்தவன் யார்? திரை வந்துவிட்டது, அக்கா. இடது கண்ணின் ஓரத்தில். முதலில் விரல் அகலம் இருந்தது, இப்போது உள்ளங்கை அகலம். நேராகப் பார்த்தால் தெரிகிறது. இடது பக்கத்தில் எதுவும் இல்லை. கறுப்புகூட இல்லை. சும்மா, உலகம் அங்கே முடிந்துவிடுகிறது.

நகரத்தின் மறுகோடியில் வேறு பெயர் சொல்லி ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். வயதானவர். விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "உங்களுக்கு என்ன வேலை?" என்றார். "மரம் ஏத்தி இறக்குறேன்." "இன்னையோட நிறுத்துங்க. உள்ளே சவ்வு பிரிஞ்சுக்கிட்டு வருது. இந்த வாரமே ஆபரேஷன், அப்புறம் ஆறு வாரம் அசையாம மல்லாந்து படுக்கணும்." "ஒரு மாசம் கழிச்சுப் பண்ணலாமா?" விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் கழிச்சு எங்கிட்ட வராதீங்க. எனக்கு வேலை இருக்காது."

ஆனால் அக்கா, ஒரே ஒரு மாதம். அரங்கத்து வாசலில் நிற்கிற அந்த மனிதரை நினைத்துப் பார். ஒரு ஆட்டம் உட்கார்ந்தவர். எனக்குப் பந்து தவிர என்ன தெரியும்? நம் ஊர்ச் சுரங்கமும் மூடியாயிற்று. இரண்டு நாள் யோசித்தேன். ஒரு கண் போனாலும் இன்னொன்று இருக்கிறது.

இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. கோச்சிடம், கிளப்பில், அத்தானிடம்கூட. அம்மா மேல் ஆணை. அம்மா கல்லறையைத் தொட்டுச் சொன்னதாக எடுத்துக்கொள்.

உன்,
எமில்

*

பிரென்டன்,
5 பிப்ரவரி 1960

எமிலுக்கு,

நாங்கள் நலம்.

செத்துப் போனவளை எதற்கு இழுத்தாய்? அவள் பேரைச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறாய்.

சரி, சொல்லவில்லை. ஆனால் நீ போய்ப் படு என்று ஒவ்வொரு நாளும் உனக்கு எழுதுவேன். இது முதல் நாள்.

பவுலினா

*

லேக்போர்ட்,
14 பிப்ரவரி 1960

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தினமும் எழுதுவது வந்து சேர்கிறது. நலமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

ஒரு கெட்ட செய்தி. வெஸ்ஸுக்கு அடி பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் மூன்றாவது கால் பகுதி. பந்து கூடையின் விளிம்பில் பட்டு உயரமாக எழும்பியது. நான் பாய்ந்தேன், அவன் அங்கே நின்றிருந்தான். என் முழு உடம்பும் அவன் முழங்கால்மேல் விழுந்தது. உலர்ந்த கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் அரங்கமே அடங்கிப்போயிற்று. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டான்.

இனி ஆட முடியாது என்கிறார்கள். ஒழுங்காக நடப்பதே சந்தேகமாம். அவன் மனைவி மூன்று குழந்தைகளோடு வந்திருக்கிறாள். எல்லோரும் என் முதுகில் தட்டி, விபத்துதானே, மனதைத் தேற்றிக்கொள் என்கிறார்கள். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறான்.

அறையில் அவன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. அவன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

எமில்

*

பிரென்டன்,
17 பிப்ரவரி 1960

எமிலுக்கு,

நாங்கள் நலம். ஒரே கேள்வி.

வெஸ் உனக்கு எந்தப் பக்கம் நின்றிருந்தார்?

பவுலினா

*

பிரென்டன்,
2 மார்ச் 1960

எமில்,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்? அந்தக் கேள்விக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நானும் தினக் கடிதத்தை நிறுத்திவிட்டேன். என் கேள்விக்கு மேல் இன்னொன்றை எழுதி அதை மூட மனம் வரவில்லை.

நேற்று எங்கள் வீட்டில் பதினொரு பேர். ஸ்டெஃபி புருஷனும் வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேண்டு சத்தம் கேட்டது, மேயர் பேசினார். பிறகு வர்ணனையாளர், காய்ச்சலால் எமில் சிமாக் இன்று ஆடவில்லை என்றார். உங்கள் ஊர் ஜனம் கூச்சல் போட்டது. நீ நானூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டாய். உன் இடத்தில் டெலானி என்று புதிதாக ஒருத்தன் இறங்கினான், முதல் ஆட்டத்திலேயே பத்தொன்பது புள்ளி. பாதி ஆட்டத்துக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லோரும், "காய்ச்சல்தானே, விடு" என்று சொல்லிக் கலைந்தார்கள். ஸ்டெஃபி புருஷன் மட்டும் போகும்போது என் தோளைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

கிளப்புக்குப் போன் செய்தேன். ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நானே பஸ் ஏறுவேன்.

அக்கா

*

லேக்போர்ட், நகர மருத்துவமனை,
6 மார்ச் 1960

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இது எமில் சொல்லச் சொல்ல வெஸ் ஆக்டன் எழுதுவது. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உங்கள் உடல்நிலை எப்படி?

ஆபரேஷன் முடிந்து என் இரண்டு கண்ணையும் கட்டியிருக்கிறார்கள். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. அசையக் கூடாது. வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. அது அசைந்தால் மற்றதும் அசையுமாம், அதனால் அதற்கும் கட்டு. இடது கண் போனதுதான். வெளிச்சம் மட்டும் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் கேள்வி வந்த பிறகும் ஐந்து ஆட்டம் ஆடினேன், அக்கா. அதையும் எழுதச் சொல்கிறேன். மார்ச் முதல் தேதி காலையில் மருத்துவமனைக்கு வந்து வெஸ்ஸின் கட்டிலருகே நின்றேன். "நீ எனக்கு இடது பக்கம் நின்னே. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. நவம்பர்லேருந்தே கண்ணு கெட்டுக்கிட்டு வருது, மறைச்சேன். ஒன் கால ஒடைச்சது விபத்து இல்ல, நான்தான்" என்றேன். அவன் உடனே நர்ஸைக் கூப்பிட்டு, "இவனுக்குக் கண் டாக்டர் வேணும், இப்பவே" என்றான். பிறகு கோச்சுக்குப் போன் செய்தேன். அவர் திட்டி முடிக்கும் வரைக்கும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெஸ் தினமும் சக்கர நாற்காலியில் உருண்டு வந்து எனக்குப் பேப்பர் வாசிக்கிறான். நான் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். பேச்சை மாற்றிவிடுகிறான். அவன் மனைவி மட்டும் இன்னும் என் அறைக்குள் வரவில்லை.

உன்,
எமில்

பவுலினா அம்மா, இதற்குக் கீழே எழுதுவது நான், வெஸ். எமில் தூங்கிவிட்டான். இது அவனுக்குத் தெரியாது.

எனக்கு முன்பே தெரியும். ஈ இல்லாத அறையில் அவன் துண்டை வீசியபோது சந்தேகம் வந்தது. ஜனவரியில் ஒருநாள் இடது பக்கத்திலிருந்து காபிக் கோப்பையை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. நீட்டியபடியே நூறு எண்ணினேன். அன்றிலிருந்து ஆட்டத்தில் அவன் இடப்பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். கோச் என்னை வேறெங்கே நிறுத்தினாலும் நகர்ந்து வந்துவிடுவேன். அன்று நான் அங்கே நின்றது தற்செயல் இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கண் தப்பியிருக்கும், என் காலும் தப்பியிருக்கும். சொல்லவில்லை. அவன் ஐந்நூறு ஆடுவதைப் பார்க்க எனக்கும் ஆசை. அவன் வந்து அழுதபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் நர்ஸைத்தான் கூப்பிட்டேன். இப்போது சொன்னால், துணைக்கு நின்றவன் காலையா உடைத்தேன் என்று இன்னும் நொறுங்குவான். சொல்லாவிட்டால் செய்யாத பாதியையும் சேர்த்து அவனே சுமப்பான்.

என்ன செய்யட்டும்? பதிலை என் பெயருக்குத் தனியாகப் போடுங்கள். அவனுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

மரியாதையுடன்,
வெஸ்லி ஆக்டன்

*

பிரென்டன்,
10 மார்ச் 1960

அன்புத் தம்பி எமிலுக்கு,

நீ உயிரோடு மல்லாந்து படுத்திருக்கிறாய் என்று அறிந்தேன். இரண்டு மாதமாக நான் வேண்டியது அதைத்தான், ஆனால் இப்படி இல்லை. அத்தான் உன்னை விசாரிக்கச் சொன்னார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வெஸ், உங்களுக்குத் தனியாகப் பதில் போடவில்லை. மன்னியுங்கள். இது எமிலின் கடிதம். ஒரு வரி விடாமல், உரக்க வாசியுங்கள்.

எமில், முதலில் என் கணக்கு. ஆணைக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருப்பாய். அது பாதிதான். உங்கள் கிளப்பின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஏப்ரன் பையில் வைத்திருந்தேன். இரண்டு முறை மளிகைக்கடைப் போன் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஆலை முழுக்க உன் கார் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மற்ற பாதி அது.

இப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவரைப் பற்றி. உன் கண் போய்க்கொண்டிருந்தது வெஸ்ஸுக்கு ஜனவரியிலேயே தெரியும். தெரிந்துதான் உன் இடப்பக்கம் வந்து நின்றார், ஒவ்வொரு ஆட்டமும். அவர் அதை எனக்கு எழுதினார், உன்னிடம் சொல்ல அவரால் முடியவில்லை.

இந்த இடத்தில் வாசிக்கிறவரின் குரல் நின்றிருக்கும். அவசரப்படுத்தாதே, எமில். மணல் மூட்டையை விட்டுத் தலையைத் தூக்காதே. கையை மட்டும் நீட்டு, நாற்காலி அங்கேதான் இருக்கும்.

வெஸ், மேலே வாசியுங்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், மாலை நாலு மணிக்கு. ஆலையில் ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று. முதலில் வெஸ்ஸின் மனைவியைப் பார்ப்பேன். அந்தப் பெண்ணிடம் நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் வாசலில் நிற்பேன். பிறகு உன் அறைக்கு வருவேன். அதற்குள் நீங்கள் இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். சண்டை போட்டாவது.

உன்,
அக்கா பவுலினா